அந்த டேபிளைத் திறந்து பாருங்கள்

இறுதியாண்டுக் கணினித் துறை மாணவர்களுக்கு,

உங்கள் புராஜெக்ட் வைவாவுக்கு எக்ஸ்டெர்னலாக வந்து எதிரில் உட்காருகிறவர்களில் நானும் ஒருவன். வருஷம் முழுக்க வெப் அப்ளிகேஷன் எழுதிப் பிழைக்கிறேன். ஏப்ரல் வந்தால் நான்கைந்து கல்லூரிகளுக்குப் போகிறேன். ஒவ்வொரு அணிக்கும் பதினைந்து நிமிடம்தான் கிடைக்கிறது. அதற்குள் சொல்ல முடியாமல் போன ஒன்றை இந்த மடலில் சொல்லிவிட நினைக்கிறேன்.

போன வருஷம் ஒரு கல்லூரியில் நான்கு பேர் சேர்ந்து ஹாஸ்டல் மெஸ் கணக்குக்கு ஒரு அப்ளிகேஷன் செய்திருந்தார்கள். நல்ல வேலை. யார் எத்தனை வேளை சாப்பிட்டார்கள், மாதக் கடைசியில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பைசா பிசகாமல் காட்டியது. ஹாஸ்டலில் நிஜமாகவே பயன்பாட்டில் இருந்தது. முந்நூறு பேருக்கு மேல் பதிந்திருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. "யூசர் டேபிளைத் திறங்க தம்பி" என்றேன். திறந்தார். புரொஜெக்டர் திரையில் சுவர் அகலத்துக்கு விரிந்தது. முதல் பத்தியில் பெயர், அடுத்ததில் ரூம் நம்பர், அதற்கடுத்ததில் பாஸ்வேர்ட். எழுதினது எழுதினபடி. ஒருவர் அம்மா பெயரோடு 123 சேர்த்திருந்தார். ஒருவர் பிறந்த தேதி. இன்னொருவர் ஒரு பெண்ணின் பெயர். அணியில் இருந்த மாணவி சட்டென்று லேப்டாப் மூடியைப் பாதி இறக்கினார். அவருடைய வரியும் திரையில் இருந்தது.

"சார், லாகின் வேலை செய்யுது சார்" என்றார் அணித் தலைவர்.

வேலை செய்தது உண்மைதான். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. மெஸ் கணக்கில் ஒரு பிழை இருந்தால் யாராவது வந்து சண்டை போடுவார்கள், நீங்கள் திருத்துவீர்கள். லாகினில் இருக்கும் பிழை சத்தம் போடாது. சரியான பாஸ்வேர்டுக்குத் திறக்கும், தவறானதற்கு மூடியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் உலகத்தின் மிக நல்ல லாகினும் மிக மோசமான லாகினும் ஒன்று போலவே இருக்கும். டேபிள் வெளியே போன அன்றைக்குத்தான் வித்தியாசம் தெரியும். அன்றைக்குப் போவது மெஸ் கணக்கு மட்டுமல்ல. அந்த முந்நூறு பேரில் பாதிப் பேராவது அதே பாஸ்வேர்டை ஜிமெயிலுக்கும் வைத்திருப்பார்கள் என்பது என் அனுபவக் கணிப்பு. ஜிமெயில் திறந்தால் மற்றதெல்லாம் திறக்கும்.

எனக்கும் இதில் பங்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வியாபார நிறுவனத்துக்கு நானே கையால் லாகின் எழுதினேன். பாஸ்வேர்டை எம்டி5 ஹாஷாக்கிச் சேமித்தேன். பாதுகாப்பாகச் செய்துவிட்டதாக நம்பினேன். சில வருஷம் கழித்து அந்த டேட்டாபேஸின் பேக்கப் கோப்பு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் ஃபோல்டரில் கிடந்ததைக் கண்டுபிடித்தோம். அன்று இரவு அந்த ஹாஷ்களில் சிலவற்றை எடுத்துத் தேடுபொறியில் அப்படியே ஒட்டினேன். பாஸ்வேர்ட்கள் வந்து விழுந்தன. கணக்குப் பிரிவில் இருந்த அக்காவுடையதும் வந்தது. மறுநாள் காலை அவரிடம் போய், "அக்கா, இதே பாஸ்வேர்டை வேறெங்காவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் அதான் தம்பி" என்றார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். லாகினை நீங்களே எழுதாதீர்கள். பலர் பல வருஷம் பார்த்துத் திருத்திய ஒரு லைப்ரரியை எடுத்து வையுங்கள். வைத்த பிறகு, அது என்ன செய்கிறது, எதை உங்கள் தலையில் விட்டுவிடுகிறது என்று உட்கார்ந்து படியுங்கள்.

'நாமே எழுதினால்தானே கற்றுக்கொள்ள முடியும்?' என்று வைவாவில் ஒரு மாணவி கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் எழுதிப் பாருங்கள், நன்றாகவே கற்றுக்கொள்வீர்கள். ஆனால் அடுத்தவர் பாஸ்வேர்ட் உள்ளே வரும் இடத்தில் அது ஓடக் கூடாது. இந்தத் துறையில் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ பட்ட அடி ஒன்று இருக்கிறது. எல்லா அடியையும் நீங்கள் திரும்பப் பட வேண்டியதில்லை.

அந்த அடிகள் அறுபது வருஷப் பழையவை. அமெரிக்காவில் எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்று ஒரு கணினி அமைப்பு 1961இல் வந்தது. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. அதனால் ஆளுக்கொரு பாஸ்வேர்ட் வைத்தார்கள். 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. பாஸ்வேர்ட் கோப்பை அச்சடித்துத் தரும்படி துளை அட்டையில் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுப் போனார், அச்சும் வந்தது. சில வருஷம் கழித்து அதே அமைப்பில் இன்னொன்று நடந்தது. இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் எடிட்டரைத் திறந்தார்கள். ஒருவர் திருத்தியது தினசரி அறிவிப்பு, மற்றவர் திருத்தியது பாஸ்வேர்ட் கோப்பு. எடிட்டர் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைக்கும். இரண்டும் இடம் மாறிப் போயின. அதன்பின் லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் திரையில் வந்தது.

பாஸ்வேர்ட் எழுதினபடி இருந்ததுதான் இரண்டு சம்பவத்துக்கும் பொதுவானது. 1979இல் ராபர்ட் மாரிஸும் கென் தாம்ஸனும் யூனிக்ஸ் அனுபவத்தை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன் சாரம் இதுதான்: பாஸ்வேர்டைத் திரும்பப் பெற முடியாதபடி அரைத்து, அதாவது ஹாஷ் செய்து, வையுங்கள். வேண்டுமென்றே மெதுவாக அரையுங்கள். ஆளுக்கு ஆள் வேறான ஒரு சிட்டிகையைச் சேர்த்து அரையுங்கள். அந்தச் சிட்டிகைக்கு அவர்கள் வைத்த பெயர் உப்பு. இன்றும் சால்ட் என்றுதான் சொல்கிறோம். அவர்கள் திரட்டிப் பார்த்த 3,289 பாஸ்வேர்ட்களில் 86 சதவீதம் எளிதில் ஊகிக்கக் கூடியவையாக இருந்தன. மனிதர்கள் அப்போதும் இப்படித்தான்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பது சமையலறைப் பழமொழி. 2012இல் லிங்க்டுஇன் நிறுவனத்திலிருந்து சுமார் 65 லட்சம் ஹாஷ்கள் வெளியே வந்தபோது அவை உப்பில்லாத ஷா1 ஹாஷ்கள். உப்பில்லை என்றால் ஒரே பாஸ்வேர்ட் வைத்த ஆயிரம் பேருக்கும் ஒரே ஹாஷ். ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடையும். நான்கு வருஷம் கழித்து, போனது 11 கோடிப் பேருக்கும் மேலானவர்களின் பாஸ்வேர்ட் என்று தெரிந்தது. அதற்கு முன்பே 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி பாஸ்வேர்ட்கள் போயின. அவை ஹாஷ்கூட இல்லை, அந்த மெஸ் டேபிள் மாதிரியே எழுதினபடி இருந்தன. அதில் 123456 என்று வைத்தவர்கள் மட்டும் 2.9 லட்சம் பேர்.

எம்டி5, ஷா1, ஷா256 எல்லாம் வேகமாக ஓடுவதற்காகச் செய்தவை. பெரிய கோப்பைச் சரிபார்க்க அந்த வேகம் வரம். பாஸ்வேர்டுக்கு அதுவே சாபம். ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குக் கோடிக்கணக்கில் ஊகித்துப் பார்த்துவிடும். இதற்காகவே 1999இல் நீல்ஸ் புரோவோஸும் டேவிட் மாசியேரும் பிகிரிப்ட் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள். கணினிகள் வேகமாக ஆக ஆக, அரைக்கும் சுற்றையும் கூட்டிக்கொண்டே போகலாம். 2015இல் பாஸ்வேர்ட் ஹாஷிங்குக்கென்றே நடந்த போட்டியில் ஆர்கான்2 வென்றது.

இப்போது லைப்ரரிக்கு வருகிறேன். உங்களில் பலர் பைத்தான் கற்றவர்கள் என்பதால் ஜாங்கோவை எடுத்துக்கொள்கிறேன். லாகின் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒரு யூசரை உருவாக்கிவிட்டு டேபிளைத் திறந்து பாருங்கள். பாஸ்வேர்ட் பத்தியில் நீளமாக ஒரு வரி இருக்கும். டாலர் குறியால் நான்கு துண்டாகப் பிரித்துப் படியுங்கள்: எந்த முறை, எத்தனை சுற்று, என்ன உப்பு, அரைத்து வந்த மாவு. ஜாங்கோவின் 4.2 பதிப்பில் சுற்றுகள் 6 லட்சம். 5.2 பதிப்பில் 10 லட்சம். யாரோ ஒருவர் ஒவ்வொரு பதிப்பிலும் அதை உயர்த்திக்கொண்டு வருகிறார். நீங்கள் பதிப்பை உயர்த்தினால் போதும். பழைய யூசர் அடுத்த முறை லாகின் செய்யும்போது அவருடைய ஹாஷ் தானாகவே புதிய சுற்றுக்கு மாறிவிடும். கையால் எழுதிய லாகினில் இந்த வேலையை யார் செய்வார்? நீங்கள் அதற்குள் வேறு ஊரில் வேறு வேலையில் இருப்பீர்கள்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஒன்றைக் காட்டுகிறேன். ஜாங்கோவின் மூலநிரலில் ஆத் (auth) ஃபோல்டருக்குள் பேக்கெண்ட்ஸ் என்ற கோப்பைத் திறந்து பாருங்கள். அந்த நிரல் முதலில் யூசர் பெயரைத் தேடுகிறது. அப்படி ஒருவர் இல்லை. நீங்களும் நானும் எழுதியிருந்தால் அங்கேயே 'தவறு' என்று திருப்பி அனுப்பியிருப்போம். ஜாங்கோ அனுப்புவதில்லை. இல்லாத ஆளுக்காக, வந்த பாஸ்வேர்டை எடுத்து லட்சக்கணக்கான சுற்று அரைத்து, அந்த மாவைக் கீழே கொட்டிவிடுகிறது. ஏன்? இருக்கிற ஆளுக்குப் பதில் வர ஒரு கண்சிமிட்டும் நேரம் ஆகும். இப்படி அரைக்காவிட்டால் இல்லாத ஆளுக்கு உடனே வந்துவிடும். அந்த நேர வித்தியாசத்தை அளந்தே யார் யார் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்துவிடலாம். நோயாளிகள் பதிவுசெய்யும் தளம் என்றால் அந்தப் பட்டியலே ஒருவர் மானத்தைக் கெடுக்கப் போதும். அந்த வரிக்கு மேல் சின்னதாக ஒரு குறிப்பு இருக்கிறது, 20760 என்ற எண்ணோடு. யாரோ ஒருவர் இதைக் கவனித்துப் புகார் எழுதியிருக்கிறார், யாரோ சரிசெய்திருக்கிறார். இந்த ஒரு வரி உங்களுக்குத் தானாகத் தோன்றியிருக்குமா? எனக்குத் தோன்றியிராது.

இதே போல் லாகின் ஆனதும் ஜாங்கோ செஷன் எண்ணை மாற்றிவிடுகிறது. முன்பே ஒருவர் நட்டு வைத்த எண்ணோடு நீங்கள் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. பாஸ்வேர்ட் மறந்தால் அனுப்பும் இணைப்பு, பாஸ்வேர்ட் மாறியவுடன் செல்லாததாகிவிடும். பிஎச்பி எழுதுகிறவர்களுக்கு 2013இல் வந்த 5.5 பதிப்பிலிருந்தே பாஸ்வேர்ட் ஹாஷுக்கான ஃபங்ஷன் மொழிக்குள்ளேயே இருக்கிறது. ரூபிக்கு டிவைஸ், நோடுக்கு பாஸ்போர்ட், ஜாவாவுக்கு ஸ்பிரிங் செக்யூரிட்டி. எதை எடுத்தாலும் சரி. நேற்று யாரோ ஒருவர் போட்டுவிட்டு மறந்துபோன பொதியை எடுக்காதீர்கள்.

லைப்ரரியைச் சேர்க்கும்போது முதல் நாளே முடிவு செய்ய வேண்டிய ஒன்று உண்டு. ஜாங்கோ தரும் யூசரில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். நம் ஊர்க் கடைக்காரர் பலருக்கு மின்னஞ்சல் இருந்தாலும் நினைவில் இருக்காது. போன் நம்பர் இருக்கும். ஆகவே உங்களுக்கென்று ஒரு யூசர் மாடலை முதல் மைக்ரேஷனுக்கு முன்பே வைத்துக்கொள்ளுங்கள். காலியாக இருந்தாலும் பரவாயில்லை. டேபிள்கள் உருவான பிறகு மாற்றுவது கட்டின வீட்டின் அஸ்திவாரத்தை மாற்றுகிற வேலை. நான் ஒருமுறை மாட்டிக்கொண்டு இரண்டு வாரம் தூங்கவில்லை.

தமிழில் யூசர் பெயர் வைக்க அனுமதிக்கிறீர்களா? கொற்றவை என்று ஒருவர் பதிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கொ'வில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், இரண்டு தனிக் குறிகளாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்றுதான், டேட்டாபேஸுக்கு இரண்டு ஆட்கள். ஜாங்கோ யூசர் பெயரை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமிக்கிறது. இன்னொன்று: பிகிரிப்ட் 72 பைட் வரைதான் பார்க்கும். ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 24 குறிகளோடு முடிந்துவிடும். ஒருவர் நீளமாக ஒரு தமிழ் வாக்கியத்தையே பாஸ்வேர்டாக வைத்தால், அதன் பின்பாதி கணக்கில் வராமலே போகலாம். ஜாங்கோவில் பிகிரிப்ட்டுக்கு முன் ஷா256 வைத்த ஒரு வகை இருப்பது இதற்காகத்தான்.

இனி, லைப்ரரி செய்யாதவை. இங்கேதான் நீங்கள் விழுவதைப் பார்க்கிறேன்.

வந்தவர் யார் என்பதை மட்டும்தான் அது சொல்லும். அவர் கேட்கிற பொருள் அவருடையதா என்பது உங்கள் பொறுப்பு. இன்னொரு கல்லூரியில் ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் காட்டும் அப்ளிகேஷன். ஜாங்கோவின் லாகின்தான், எல்லாப் பக்கத்துக்கும் காவல் போட்டிருந்தார்கள். நான் ஒரு நோயாளியாக லாகின் செய்து என் முடிவைத் திறந்தேன். முகவரியின் கடைசியில் 17 என்று இருந்தது. அதை அழித்து 18 என்று போட்டேன். வேறொருவரின் முடிவு வந்தது. 19 போட்டேன், அதுவும் வந்தது. அறையில் யாரும் பேசவில்லை. அதைத் திருத்தியது ஒரே ஒரு வரி: 'இந்த எண்ணுள்ள முடிவைக் கொடு' என்பதை 'இவருடைய முடிவுகளில் இந்த எண்ணுள்ளதைக் கொடு' என்று மாற்றினார்கள். வாசலில் காவலாளி இருக்கிறார் என்பதற்காக உள்ளே எல்லா அறையையும் திறந்து போடலாமா? டேட்டாபேஸைத் தொடும் ஒவ்வொரு இடத்திலும் அந்த 'இவருடைய' என்ற சொல் இருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள்.

தவறான பாஸ்வேர்டை எத்தனை முறை போடலாம் என்பதற்கும் ஜாங்கோ கணக்கு வைப்பதில்லை. ஆக்ஸிஸ் போன்ற துணை லைப்ரரியைச் சேர்க்க வேண்டும். ஜாங்கோவின் ரகசியச் சாவி நிரலுக்குள் எழுதப்பட்டு கிட்ஹப்புக்குப் போய்விட்டால், அதை வைத்துச் செய்யும் கையெழுத்துகளெல்லாம் பொய்யாகும். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் இருக்கும். சாவியை மாற்றுவதுதான் ஒரே வழி. குக்கி எச்டிடிபிஎஸ் வழியில் மட்டும் போகும்படி அமைப்பதும் நீங்களே. 2010இல் ஃபயர்ஷீப் என்ற சின்னக் கருவி வந்தபோது, ஒரே வைஃபையில் உட்கார்ந்திருந்தவர்களின் செஷனை ஒரு கிளிக்கில் எடுத்துக்கொள்ள முடிந்தது. பாஸ்வேர்டே தேவைப்படவில்லை.

'பாஸ்வேர்டே வேண்டாம் சார், ஓடிபி வச்சிட்டோம்' என்று இப்போது பலர் சொல்கிறீர்கள். ஆறு இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புதான். எத்தனை முறை என்ற வரம்பும் காலக்கெடுவும் இல்லாவிட்டால் ஒரு ஸ்கிரிப்ட் போதும். சில புராஜெக்டில் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்தால், போனுக்கு அனுப்பிய அதே ஓடிபி பதிலுக்குள்ளேயே திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது. சோதிக்க வசதியாக இருக்கட்டும் என்று போட்டது, எடுக்க மறந்தது.

சட்டமும் வந்துவிட்டது. 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமிருக்கிறது. நாளைக்கு நீங்கள் சேரும் நிறுவனத்தில் இந்தத் தொகையைச் சொன்னால் மேலாளர் காதுகொடுப்பார். எனக்கு அந்தத் தொகையைவிடக் கணக்குப் பிரிவு அக்காவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

மெஸ் அப்ளிகேஷன் அணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மதிப்பெண்ணை நான் குறைக்கவில்லை. ஒரு வாரத்தில் சரிசெய்யும்படி கேட்டேன். ஐந்தாம் நாள், லேப்டாப் மூடியை இறக்கிய அந்த மாணவி செய்தி அனுப்பினார். லாகினை அப்படியே எடுத்துவிட்டு ஃப்ரேம்வொர்க்கில் இருந்ததை வைத்துவிட்டார்கள். பழைய பத்தியை அழித்து, பழைய பேக்கப்களையும் தேடி அழித்திருந்தார்கள். முந்நூறு பேருக்கும் 'உங்கள் பாஸ்வேர்டை நாங்கள் பார்க்கும்படி வைத்திருந்தோம். வேறெங்காவது அதையே வைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்' என்று ஹாஸ்டல் நோட்டீஸ் போர்டில் தங்கள் பெயரோடு ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளின் படத்தையும் அனுப்பியிருந்தார். வயதில் என்னைவிட இருபது வருஷம் இளையவர்கள். என் முதல் வேலையில் அப்படி ஒரு தாளை ஒட்ட எனக்குத் துணிச்சல் இருக்கவில்லை.

இந்த ஏப்ரலிலும் வருகிறேன். என் முதல் கேள்வி என்னவென்று இப்போதே சொல்லிவிடுகிறேன்: யூசர் டேபிளைத் திறந்து காட்டுங்கள். இன்று இரவே ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் எக்ஸ்டெர்னல்